கொடுங்கோலர் அட்டைப் பெட்டி: முன்பக்கம் தோற்று, பின்பக்கம் வென்ற விளையாட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பள்ளிப் புத்தகங்களையும் பூசைச் சாமான்களையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடைகளில், கணக்குப் பயிற்சி நூல்களுக்கும் கற்பூரப் பொட்டலங்களுக்கும் நடுவே, சில மாதங்களாகக் கறுப்பு நிறப் பெட்டி ஒன்று அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றில் கொடுமைக்குப் பெயர்போன அரசர்கள், சர்வாதிகாரிகள், குற்றவாளிகள் ஆகியோரை ஆளுக்கோர் அட்டையாக அச்சிட்டு, பிள்ளைகள் கூடி விளையாடுவதற்கென்று தமிழிலேயே தயாரித்திருக்கிறார்கள். உள்ளே 54 அட்டைகளும் விதிகள் அச்சான ஒரு தாளும் இருக்கின்றன; விலை 39 ரிங்கிட். தமிழில் விளையாட்டுப் பொருள் என்றால் உயிரெழுத்து அட்டையும் பரமபதமும்தான் என்று இருந்துவிட்ட நமக்கு இது புதிது என்பதால் வாங்கினேன். பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் கூடும் கோயில் மண்டபத்தில் அவர்களை விளையாட விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

விளையாட்டின் முறை எளிது. அட்டையின் முன்பக்கத்தில் ஆளின் ஓவியமும், அதன்கீழ் நான்கு எண்களும் உள்ளன: ஆட்சி செய்த அல்லது குற்றம் புரிந்த ஆண்டுகள், பலியானோர் தொகை, பத்துக்கு இவ்வளவு என்ற கொடூர மதிப்பெண், இறந்தபோது வயது. அட்டைகளைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, முறை வந்தவர் ஒரு தலைப்பைச் சொல்லித் தம் அட்டையின் எண்ணை அறிவிக்க வேண்டும். எல்லாரையும்விடப் பெரிய எண் யாரிடம் இருக்கிறதோ அவர் மற்றவர்களின் அட்டைகளை வாரிக்கொள்வார். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது.

தாளின் தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கனமான அட்டை, கண்ணைக் கூசாத மேற்பூச்சு. வியர்த்த கையோடு பிடித்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. பெட்டிதான் மெலிவு, மூடியின் ஓரம் கிழிந்து, இப்போது ரப்பர் வளையத்தின் தயவில் நிற்கிறது. நான் முதலில் வாங்கிய பெட்டியில் இடி அமின் இரண்டு முறை வந்திருந்தார், ரஷ்யாவின் நான்காம் இவான் வரவே இல்லை. கடைக்காரம்மா மறுபேச்சின்றி வேறு பெட்டி எடுத்துக் கொடுத்தார். “எல்லாப் பெட்டியையும் பிரிச்சுப் பார்த்து விக்க முடியாதுங்களேய்யா” என்று கையோடு சொல்லியும் அனுப்பினார். வாங்குவோர் கடையிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய பிழை அமைப்பில்தான் இருக்கிறது. சீட்டு என்றால் எல்லா அட்டைக்கும் முதுகுப்பக்கம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது சீட்டாடுவோர் எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். இங்கேயோ ஒவ்வோர் அட்டையின் முதுகிலும் அந்த ஆளைப் பற்றி ஏறக்குறைய நூறு சொற்களில் ஒரு குறிப்பை அச்சிட்டுவிட்டார்கள். ஆகவே அட்டையின் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தால், எதிரே இருப்பவர் முதுகைப் படித்து, என்னிடம் இருப்பது திமூரா நீரோவா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பத் தம் தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் சில சுற்றுகளுக்குள் நடந்தது வேறு. எதிராளியை ஏமாற்ற வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார்கள். விளையாட்டு முடிந்த பிறகும், அடுத்த முறை சட்டென்று அடையாளம் காண்பதற்காக, அட்டைகளைக் குப்புறப் பரப்பி வைத்து மனப்பாடம் செய்தார்கள். வரலாற்றுப் பாடநூலைத் திருப்பிப் பார்க்காத பையன், “கைய வெட்டச் சொன்னவரு” என்றால் லியோபோல்ட் என்றும் “பள்ளிக்கூடத்த ஜெயிலாக்குனவரு” என்றால் டூச் என்றும் தடையின்றிச் சொல்கிறான். தயாரித்தவர்கள் திட்டமிட்டுச் செய்திருந்தால் பாராட்டலாம். தவறிச் செய்திருந்தாலும் அடுத்த பதிப்பில் திருத்திவிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

ஏனென்றால் இந்தப் பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் செய்த வேலை போலத் தெரிகின்றன. முன்பக்கம் கொடுமையைத் தலைக்கணக்காகவும் பிறவிக் குணமாகவும் காட்டுகிறது. பின்பக்கமோ, அது யாரால், எந்த ஏற்பாட்டால், எந்தக் காகிதத்தின் பேரில் நடந்தது என்று விளக்குகிறது. விளையாட்டை நடத்துவது முன்பக்கம் என்பதுதான் வருத்தம்.

பலியானோர் என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் மாசேதுங்கின் அட்டையை வைத்திருந்த பையன், “நாற்பத்தஞ்சு மில்லியன், எல்லாம் எனக்கு!” என்று துள்ளினான். அவனுக்கு எதிரே இருந்தவன் ஹரால்ட் ஷிப்மனின் 215-ஐ வெறுப்போடு கீழே போட்டுவிட்டு, “இந்த ஆளு ஒன்னுத்துக்கும் ஆகாதுக்கா” என்று தன் அக்காவிடம் முறையிட்டான். ஷிப்மன் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்னும் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். தம்மை நம்பி வந்த நோயாளிகளுக்கு, பெரும்பாலும் வயதான பெண்களுக்கு, வலிநீக்கி மருந்தை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றிக் கொன்றவர். ஒரு நோயாளியின் உயிலைப் போலியாகத் தயாரித்ததில் அகப்பட்டு, 2000ஆம் ஆண்டில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பிறகு அமைந்த விசாரணைக் குழு மரணச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எட்டிய தொகைதான் அந்த 215. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு பெயரும் ஒரு தேதியும் உண்டு. பெட்டியிலேயே மிகக் கவனமாகக் கணக்கிடப்பட்ட எண் அதுதான். விளையாட்டில் அதற்கு மதிப்பே இல்லை.

மறுபக்கம், பெரிய எண்களில் பல எந்த நிலையில் நிற்கின்றன என்பதை அட்டை சொல்வதில்லை. செங்கிஸ்கானுக்கு 40 மில்லியன் என்று போட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆசியா முழுவதற்கும் யாரும் தலை எண்ணவில்லை. 1221இல் மெர்வ் நகரம் வீழ்ந்தபோது 1.3 மில்லியனுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, அடுத்த தலைமுறையில், அந்த மங்கோலியரிடமே பணியில் இருந்துகொண்டு எழுதியவர்; ஒரு நகரத்தில் அவ்வளவு பேர் குடியிருந்திருக்க முடியுமா என்று இன்றைய ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். மாசேதுங் காலத்துப் பஞ்சத்துக்கும், 1958 முதல் 1962 வரையிலான அந்த ஆண்டுகளில் இறந்தோர் 15 மில்லியன் என்பதிலிருந்து 45 மில்லியனும் அதற்கு மேலும் என்பது வரை மதிப்பீடுகள் உண்டு. அட்டையில் மேலெல்லையை மட்டும் எடுத்துப் போட்டால் அது வெல்லும் அட்டையாகிவிடும், அவ்வளவுதான். ஸ்டாலினின் அட்டையில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. முன்பக்கம் 20 மில்லியன் என்று உருட்டிச் சொல்கிறது. பின்பக்கமோ 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டோர் 681,692 என்று ஒற்றை இலக்கம் வரை சொல்கிறது. பின்னது அந்த ஆட்சியின் காவல்துறைக் கோப்புகளிலிருந்து வந்த எண். கொன்றவர்களே எழுதி வைத்த கணக்கு என்பதால்தான் அவ்வளவு துல்லியம். இந்த ஒரு செய்தியை மட்டும் விதித்தாளில் சேர்த்திருந்தால் பெட்டியின் தரமே உயர்ந்திருக்கும்.

கொடூர மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. யார், எந்த அடிப்படையில் போட்டார்கள் என்று விளக்கமே இல்லை. இன்றைய ருமேனியாவைச் சேர்ந்த வலாக்கியாவின் மூன்றாம் விளாடுக்குப் பத்துக்குப் பத்து, நீரோவுக்கு ஒன்பது, லியோபோல்டுக்கு ஏழு. இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் மதிப்பெண் கூடும் போலிருக்கிறது.

ஓவியங்களிலும் இதே கோளாறு. வரைந்தவர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. விளாடின் முத்துப் பதித்த சிவப்புத் தொப்பியும் நீண்ட மீசையும் ஆஸ்திரியாவின் அம்பிராஸ் மாளிகையில் இருக்கும் பழைய ஓவியத்தை ஒட்டி அழகாக வந்திருக்கின்றன. ஆனால் எரியும் ரோம் நகரத்தின் முன்னால் நீரோவின் கையில் வயலின் கொடுத்திருக்கிறார். வயலின் என்ற கருவி உருப்பெற்றதே பதினாறாம் நூற்றாண்டில்; ரோம் எரிந்தது கி.பி. 64இல். தீ மூண்டபோது நீரோ ஆன்டியம் என்னும் கடற்கரை ஊரில் இருந்ததாகவும், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தம் தோட்டங்களைத் திறந்துவிட்டதாகவும், அவரைச் சற்றும் விரும்பாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதியிருக்கிறார். பெற்ற தாயைக் கொல்வித்தவர், தீயின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களை வதைத்தவர் என்று உண்மையாகவே அவர்மேல் இருக்கும் குற்றங்கள் போதாவா? ஹங்கேரியின் எலிசபெத் பாத்தோரியை இரத்தம் நிறைந்த தொட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதே அட்டையின் முதுகில், இரத்தத்தில் குளித்த கதை அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1729இல்தான் அச்சில் வந்தது என்றும், 1610, 1611ஆம் ஆண்டுகளின் சாட்சியங்களில் இருப்பது பணிப்பெண்களை அடித்தது, சுட்டது, பட்டினி போட்டது ஆகியவையே என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. ஓவியர் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. கம்போடியாவின் கெமர் ரூஜ் ஆட்சித் தலைவர் போல் போட்டுக்கு மற்றவர்களைப் போலவே சிவந்த கண்ணும் இறுகிய பல்லும் வரைந்திருக்கிறார். நாம் பென் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது மென்மையாகப் பேசி மாணவர்களைக் கவர்ந்தவர் என்று பெயரெடுத்த மனிதர் அவர். புகைப்படங்களில் பெரும்பாலும் புன்னகைத்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் புன்னகையை அப்படியே வரைந்திருந்தால் பிள்ளைகள் கூடுதலாக யோசித்திருப்பார்கள்.

பெட்டியின் மிகச் சிறந்த அட்டை எது என்று கேட்டால், தயங்காமல் பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்டைச் சொல்வேன். அதுவும் ரப்பர்க் காட்டுக்கு நடுவில் வளர்ந்த நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. 1885 முதல் 1908 வரை காங்கோ என்ற பெருநிலம் பெல்ஜிய நாட்டுக்குக்கூடச் சொந்தமாக இருக்கவில்லை. அரசர் என்ற ஒற்றை மனிதரின் தனிச்சொத்தாக இருந்தது. அவர் அங்கே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்து, சைக்கிளும் பிறகு மோட்டாரும் பெருகியபோது, உலகத்துக்கு ரப்பர் அவசரமாகத் தேவைப்பட்டது. நட்டு வளர்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காங்கோவின் காட்டுக்கொடிகளிலோ பால் அப்போதே இருந்தது. ஊருக்கு இவ்வளவு எடை என்று கட்டளை போட்டு, ஆண்கள் பால் கொண்டுவரும்வரை அவர்களுடைய பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். படைவீரர்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்குச் சான்றாக, செலவான தோட்டாவுக்கு ஒரு வலக்கை வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்ற நடைமுறை வந்தது. வேட்டைக்குத் தோட்டாவைச் செலவழித்தவன் கணக்கை நேர்செய்ய உயிரோடிருப்பவரின் கையை வெட்டினான். கை வெட்டியது வெறியால் மட்டும் நடந்ததன்று, இருப்புக் கணக்குக் காட்டுவதற்காகவும் நடந்தது என்பதை இந்த நூறு சொற்கள் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்லிவிடுகின்றன.

இந்தக் குறிப்பில் ஒரு வரி வருகிறது: கொடியிலிருந்து வடிந்த பாலைச் சேகரிக்கப் பாத்திரம் இல்லாமல், காங்கோக்காரர்கள் அதைத் தங்கள் கையிலும் மார்பிலும் பூசிக் காயவிட்டு, பிறகு ரோமத்தோடு பிய்த்தெடுத்தார்கள் என்று. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பால்மரம் சீவிய காலத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலிருந்து தெறித்துக் கையில் காய்ந்த பாலை உரித்தெடுக்கும்போது வரும் எரிச்சலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டினார்; முழங்கைவரை பூசிக்கொண்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். மலாயாத் தோட்டத்தையும் காங்கோவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெரட்டு என்ற காலைக் கூட்டத்துக்கு நின்றவர்களுக்கும் கங்காணியின் ஏச்சுக்கும் தோட்ட எழுத்தரான கிராணியின் கணக்குக்கும் தலைகுனிந்தவர்களுக்கும் தனி வரலாறு உண்டு, அதை இதோடு கலப்பது இரண்டுக்குமே நியாயமாகாது. ஆனால் இரண்டும் ஒரே சந்தைக்குப் போன பால். பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற ரப்பர் விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் இங்கே வந்து சேர்ந்தன; அவற்றுள் ஒன்று நமக்கு அடுத்த ஊரான கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தருகே, வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. அந்த மரங்களின் வழித்தோன்றல்கள் காய்த்துப் பெருகியதும்தான் காட்டுக்கொடி ரப்பருக்குச் சந்தையில் மதிப்பு குறைந்தது. மலேசியாவில் விற்கும் பெட்டியில் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

லியோபோல்டின் குட்டு எப்படி உடைந்தது என்பதையும் அட்டை விட்டுவைக்கவில்லை. கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மோரல், ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ரப்பரும் தந்தமும் நிறைந்து வந்திறங்கும் கப்பல்கள் திரும்பிப் போகையில் வணிகப் பொருளின்றித் துப்பாக்கியும் தோட்டாவும் ஏற்றிச் செல்வதைச் சரக்குக் கணக்கில் கண்டார். விலை கொடுக்காமல் வாங்கப்படும் பொருளுக்குப் பின்னால் கட்டாய வேலைதான் இருக்க முடியும் என்று ஊகித்தார். 1904இல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை அதை உறுதி செய்தது. 1908இல் காங்கோவைத் தம் நாட்டிடம் ஒப்படைக்கும் முன், லியோபோல்ட் அந்த அலுவலகத்தின் ஏடுகளை எரிக்கச் செய்தார். பலியானோர் 10 மில்லியன் என்று முன்பக்கத்தில் போட்டிருப்பது ஏன் ஊகமாகவே இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரியே விடை. அங்கே முறையான கணக்கெடுப்பு எதுவும் அதற்கு முன் நடந்ததில்லை, இருந்த காகிதமும் சாம்பலாயிற்று.

டூச் என்று அறியப்பட்ட காயிங் குவெக் இயாவின் அட்டையும் இதே தரத்தில் இருக்கிறது. கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில், நாம் பென் நகரத்தின் ஒரு மேல்நிலைப்பள்ளியைச் சிறையாக மாற்றி நடத்தினார். வகுப்பறைகளைச் செங்கல் வைத்துச் சிறு அறைகளாகத் தடுத்து, பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அடைத்தார்கள். மிகச் சிலரே உயிரோடு மிஞ்சினார்கள். வதைத்து வாங்கிய வாக்குமூலங்களை அவர் மாணவர் கட்டுரையைத் திருத்துவதுபோல் ஓரங்களில் குறிப்பெழுதித் திருப்பியனுப்பினார். ஒவ்வொருவரையும் புகைப்படமெடுத்து, பெயரெழுதிக் கோப்பில் வைத்தார்கள். அந்தக் கோப்புகளே 2010இல் அவருக்கு எதிரான தீர்ப்புக்குத் துணைநின்றன. போல் போட்டின் அட்டையைவிட இந்த அட்டையே என்னைக் கூடுதலாகக் கலங்க வைத்தது. ஸ்டாலினின் அட்டையில், 1937 ஜூலை 30ஆம் தேதியிட்ட ஆணை எந்த வட்டாரத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக் கொடுத்ததும், வட்டார அதிகாரிகள் எங்களுக்கு இன்னும் கூட்டிக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதியதும் வருகின்றன. ஹிட்லரின் அட்டை போர்க்களங்களிலேயே நின்றுவிடுகிறது. ஆறு மில்லியன் யூதர்களின் கொலையை ஒழுங்குபடுத்துவதற்காக 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சி ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி, ஒன்றரை மணி நேரமளவில் பேசி முடித்து, குறிப்பேடும் எழுதிக்கொண்டார்கள் என்ற செய்தியே அந்தப் பெட்டியில் எங்கும் இல்லை.

குற்றவாளிகளின் பகுதி மேலோட்டமாக இருக்கிறது. 1888இல் லண்டனைக் கலக்கிய பெயர் தெரியாத கொலைகாரன், 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர், 1981இல் தூக்கிலிடப்பட்ட நம் ஊர்க் கொள்ளையன் போத்தாக் சின், அரசியல்வாதி ஒருவரைக் கொன்ற வழக்கில் 2001இல் தூக்கிலிடப்பட்ட மோனா ஃபெண்டி என்று பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டும் பெயர்கள்தாம்; குறிப்புகளோ நாளிதழின் பழைய தலைப்புச் செய்திகளைத் தாண்டவில்லை. இவர்களையும் அரசர்களையும் ஒரே வரிசையில் வைத்ததே சரியா என்று எனக்கு ஐயம் உண்டு. குற்றவாளி செய்ததை மறைத்துக்கொண்டு ஓடுகிறான்; ஆள்பவனோ பகலில், முத்திரை குத்தி, சம்பளம் கொடுத்துச் செய்விக்கிறான். இரண்டையும் ஒரே எண்ணால் அளக்கப் போனால் குற்றவாளி எப்போதும் தோற்கும் அட்டையாகவே இருப்பான். தனி நிறம் கொடுத்து இரண்டு கட்டுகளாகப் பிரித்திருக்கலாம்.

இனி, எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. ஜப்பானியப் பிரதமர் தோஜோவின் அட்டை பெர்ல் துறைமுகத் தாக்குதலையும், 1948 டிசம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டதையும் விரிவாகச் சொல்கிறது. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில்பாதையைப் பற்றி ஒரே வாக்கியம்: 60,000 அளவிலான நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்று. தகவல் சரி. ஆனால் 1942 முதல் 1943 அக்டோபர் வரை அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் கைதிகள் அல்லர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், அவர்களோடு மலாயாத் தோட்டங்களின் தமிழர். போர்க்கைதிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள் என்றும், அவர்களில் பாதிப் பேர், அதாவது 90,000 வரை, மாண்டார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. வேலையும் அரிசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி முதலில் அழைத்தார்கள். பிறகு தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 1943இல் பரவிய காலரா கூடாரம் கூடாரமாக வாரிக்கொண்டது. கைதிகளுக்காவது சொந்த அதிகாரிகளும் மருத்துவர்களும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்து ஆட்களுக்குப் பட்டியல் வைத்தவர் இல்லை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய குடும்பங்களில் ‘சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்’ என்று ஒருவரைச் சொல்லாத வீடு குறைவு. அந்த வீட்டுப் பிள்ளைகள் தோஜோவின் அட்டையை வைத்து விளையாடிவிட்டு, அதற்கும் தங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் தொடர்பிருப்பதே தெரியாமல் எழுந்து போகிறார்கள். தமிழில், மலேசியாவில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக என்று விற்கும் பெட்டிக்கு இந்த விடுபாட்டை எந்தக் காரணத்தாலும் மன்னிக்க முடியவில்லை.

வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. ஈப்போவை அடுத்த பாப்பான் என்னும் சிற்றூரில் மருந்தகம் நடத்தி, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போராடியவர்களுக்கு மறைவாக மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசுவை, கெம்பெய்த்தாய் என்ற இராணுவக் காவல்படை பிடித்துச் சென்று, பேச வைப்பதற்காக அவருடைய இளைய மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டியது. அவர் வாய் திறக்கவில்லை. வதையின் காயங்களோடே 1948இல் மறைந்த அவருக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. வதைத்த யோஷிமுரா என்ற சார்ஜண்ட் போருக்குப் பின் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அமைச்சரும் அல்லர், தளபதியும் அல்லர், வெறும் சார்ஜண்ட். ரோமப் பேரரசர் காலிகுலாவின் அட்டையில் அவருடைய குதிரைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை அவருக்குக் கொடுத்திருந்தால், ஈப்போ பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த அட்டை என்றும் மறந்திருக்காது.

தமிழ் நடை பெரும்பாலும் தெளிவாகவும் பிழை குறைவாகவும் இருக்கிறது. பெயர்களை எழுதுவதில் மட்டும் ஒழுங்கில்லை; விளாட் என்று ஓரிடத்திலும் வ்லாத் என்று இன்னோரிடத்திலும் வருவதால், தேடிப் பார்க்க நினைக்கும் பிள்ளை குழம்பும். கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங்கின் அட்டையில் கி.மு. என்பதே விடுபட்டு, அவர் நீரோவுக்குப் பிறகு வாழ்ந்தவர்போல் ஆகிவிட்டது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் வாங்கலாம் என்றே சொல்வேன். 39 ரிங்கிட்டுக்கு, பின்பக்கக் குறிப்புகளுக்காக மட்டுமே வாங்கலாம். ஆனால் விதித்தாளில் உள்ளபடி விளையாட வேண்டாம். எங்கள் மண்டபத்தில் இப்போது பலியானோர் தலைப்பையும் கொடூர மதிப்பெண்ணையும் விலக்கிவிட்டோம். ஒருவர் பின்பக்கத்தைப் படிக்க, மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு முறை, ஆட்சி தொடங்கிய ஆண்டுப்படி அட்டைகளை வரிசையாக அடுக்குவது இன்னொரு முறை. இரண்டாவதில் சின் ஷி ஹுவாங் தவறான இடத்தில் போய் உட்காராதபடி பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். பெட்டியின்மேல் பத்து வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். டூச்சின் குறிப்பையும் கை வெட்டிய குறிப்பையும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் பத்து வயதுப் பிள்ளை படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தனியாக விளையாடக் கொடுப்பதென்றால் பதின்மூன்று வயதுக்கு மேல் கொடுங்கள்.